மகேஸ்வரிக்கு ஒரு விசா

அத்தியாயம் 9

பூவாடைக்காரிக்குப் படையல் போடாமல் செம்மண்டலத்துப் பழனிவேல் வீட்டில் எந்த நல்ல காரியமும் தொடங்கியதில்லை. மகள் வினோதினிக்குக் காது குத்தியபோது போட்டார்கள். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது போட்டார்கள். இந்த வெள்ளிக்கிழமை காலை, சுவிட்சர்லாந்து விசாவுக்காகப் போட்டார்கள்.

சுமங்கலியாகச் செத்துப்போன பெண் வீட்டை விட்டுப் போவதில்லை என்பது எங்கள் கடலூர்ப் பக்கத்து நம்பிக்கை. அவள்தான் பூவாடைக்காரி. எதைத் தொடங்கினாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்கும் முறை சிக்கலில்லாதது. ஒரு செம்பில் நீர் மொண்டு, மஞ்சள் கரைத்து, கழுத்தில் பூச்சுற்றி, அந்தச் செம்பையே அவளாக நினைத்து உள்ளே அழைத்துவந்து மனைப் பலகையில் வைப்பார்கள். எதிரே புதுப்புடவை, வளையல், இலை நிறையச் சாப்பாடு. செம்பின் விளிம்பில் ஒற்றைப் பூ ஒன்றை வைத்துக் காத்திருப்பார்கள். பூ விழுந்தால் அவள் சம்மதித்துவிட்டாள். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி உடுத்திக்கொள்வாள்.

இன்று பூ விழவில்லை.

பழனிவேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். கற்பூரம் அணைந்தது. மறுபடி ஏற்றினார். மின்விசிறியைப் போடலாமா என்று யோசித்தவர் போல ஒருமுறை மேலே பார்த்தார். கும்பிடக் குனிந்தபோது அவர் முழங்கால் மனையில் இடித்தது. பூ விழுந்தது.

“உத்தரவு குடுத்துட்டா,” என்றார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி இளவரசி இலையிலிருந்து அரக்கு நிறப் புடவையை எடுத்துக்கொண்டு உடுத்தப் போனாள். மடிப்பில் சூடத்தின் வாசனை ஏறியிருந்தது. கல்யாணமானதிலிருந்து அவளுடைய நல்ல புடவைகள் எல்லாமே இப்படி வந்தவைதான். முதலில் அக்காவுக்கு, பிறகு அவளுக்கு.

இதுவரை வராதவர்களுக்காக இந்த வீட்டின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழனிவேலின் முதல் மனைவி மகேஸ்வரி. வினோதினியைப் பெற்ற சில வாரங்களில் காய்ச்சல் கண்டு சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். கைக்குழந்தையை யார் பார்ப்பது என்ற பேச்சு எழுந்தபோது, பதில் அதே வீட்டில் பாவாடை தாவணியில் நின்றது. மகேஸ்வரியின் தங்கை இளவரசி. மேளமில்லை, பத்திரிகையில்லை. அக்காவின் படத்துக்கு முன்னால் தாலி கட்டினார்கள். அந்தக் கயிற்றில் மூத்தவளுக்கென்று ஒரு சின்னத் தங்கப் பொட்டையும் சேர்த்துக் கோத்தார்கள். அதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான்.

ரேஷன் கார்டில் மட்டும் யாரும் எதையும் மாற்றவில்லை. கணவன் பழனிவேல், மனைவி மகேஸ்வரி. வீட்டில் ஒரு கணவனும் ஒரு மனைவியும் இருந்தார்கள், கார்டும் அதையே சொன்னது. அதில் என்ன தப்பு என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

ஒரு அட்டை இன்னொரு அட்டைக்குச் சாட்சி சொல்லும். அடையாளக் காகிதங்கள் வேலை செய்யும் விதமே அதுதான். ரேஷன் கார்டைக் காட்டி வாக்காளர் அட்டை வாங்கினார்கள். ஆதார் எடுக்கப் போனபோது அந்த இரண்டையும் நீட்டினார்கள். கண்ணாடியில் விரல்களை அழுத்தியவள் இளவரசி. திரையில் வந்த பெயர் மகேஸ்வரி. செத்துப்போனவளுக்குப் பத்து விரல்கள் கிடைத்தது அன்றைக்குத்தான். ஆதாரைக் காட்டிப் போன மாதம் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டார்கள். அதில் அக்காவின் வயதும் சேர்ந்துவந்தது.

“உனக்கு நல்லதுதாம்மா. சீனியர் சிட்டிசன் சீட்டு சீக்கிரமா கெடைக்கும்,” என்று வினோதினி சிரித்தாள். தன்னைப் பெற்றவள் யார் என்பதும், அம்மாவின் பெயர்க் குழப்பமும் வினோதினிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வீட்டில் ஓட்டை நாற்காலி ஒன்று இருப்பது தெரிவதைப் போல.

செம்மண்டலத்தில் அவளை மகேஸ்வரியம்மா என்பார்கள். கம்மாபுரத்தில், பிறந்த ஊரில், இளவரசி என்பார்கள். பழனிவேல் மட்டும் எந்தப் பெயரும் சொல்வதில்லை. மச்சினியாக இருந்தவரை ஊர் கேட்க “இளவரசி” என்று கூப்பிட்டவர், தாலி கட்டிய நாளிலிருந்து “இந்தாம்மா” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

சென்ற வாரம் பாஸ்போர்ட் வந்த உறையைப் பிரிக்காமலே பீரோவில் வைத்தாளே, அதற்குக் காரணம் இவ்வளவுதான். பிரித்தால் உள்ளே தன் முகமும் அக்காவின் பெயரும் ஒரே பக்கத்தில் இருக்கும்.

*

சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்கள். பழனிவேலின் மடியில் காகிதங்கள் இருந்த ஜிப் பை. ஓய்வு பெறும்வரை சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். வழியெல்லாம் அவர் சுவிட்சர்லாந்தில் ஏறப்போகும் அந்த மலை ரயிலைப் பற்றியே பேசினார்.

சாதாரண ரயில், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையிலிருக்கும் பிடிமானத்தில் ஓடுகிறது. ஏற்றம் அதிகமானால் பிடிமானம் போதாது, சக்கரம் வழுக்கும். அதனால் பனிமலை ஏறும் ரயிலுக்கு இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த மூன்றாவது தண்டவாளம் ஒன்று போட்டிருப்பார்கள். வண்டிக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பல்லைக் கவ்விக் கவ்வி மேலே ஏறும். சைக்கிள் செயின் படுத்துக்கிடக்க, சக்கரம் அதன்மேல் நடந்துபோவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

“ஒரு பல்லு கூட வுடாதும்மா. வுட்டா வண்டி கீழ போயிடும்,” என்றார்.

இளவரசி தலையாட்டினாள். அந்த ரயிலை அவளுக்குத் தெரியும். பீரோ கதவின் உள்பக்கத்தில் சேத்தியாத்தோப்பு உரக்கடைக் காலண்டரின் பழைய தாள் ஒன்று ஒட்டியிருக்கிறது. வெள்ளை மலை, சிவப்பு ரயில். அப்பாவுக்குப் பல்சக்கரப் பைத்தியம் என்று நினைத்துத்தான் வினோதினி சுவிட்சர்லாந்துக்கு ஒப்புக்கொண்டாள். சிங்கப்பூர் போகலாம், சாப்பாடு ஒத்துக்கும் என்று அவள் சொன்னபோது, பழனிவேல் அந்தத் தாளைக் காட்டி, போனால் இங்கேதான் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளாற்றுப் பாலம் வந்தது. மகேஸ்வரியை எரித்தது இதே ஆற்றின் கரையில், மேற்கே சேத்தியாத்தோப்பில். பாலம் முடியும்வரை பழனிவேல் பேசவில்லை. எப்போதும் அப்படித்தான். இளவரசி புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். வெயில் காய்ந்த நேரத்திலும் அந்தப் புடவை அவள் தோளில் ஈரமாக இருப்பதைப் போலிருந்தது.

*

கீழவீதியில் ஒரு மாடியில் ஜெயப்பிரகாஷின் டிராவல்ஸ் ஆபீஸ். வினோதினியோடு கல்லூரியில் படித்தவன். வினோதினி தான் வேலை பார்க்கும் பள்ளியில் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள்.

ஜெயப்பிரகாஷுக்குத் தன் வேலையை விளக்கிச் சொல்வதில் தனி ஆசை. டிக்கெட்டை இப்போதே வாங்க வேண்டாம் என்றான். இருக்கையைப் பெயர் போட்டு ஒதுக்கி வைக்கச் சொல்லலாம். விமான நிறுவனம் ஒரு குறியீட்டு எண் தரும், விசா கேட்கும்போது அந்தத் தாள் போதும். நாளை மாலைவரை அந்த ஒதுக்கீடு நிற்கும், பிறகு தானாக உதிர்ந்துவிடும். சென்னையில் விடியும் முன் ஏறி, வளைகுடாவில் மாறி, அங்கிருந்து சூரிச். மேற்கே போவதால் சூரியனும் கூடவே வரும். ஒரு பகல் நீண்டுகொண்டே போகும்.

“பேரு மட்டும் ஒரு எழுத்து மாறக்கூடாது மாமா. பாஸ்போர்ட்ல இருக்கறதுதான் டிக்கெட்ல, டிக்கெட்ல இருக்கறதுதான் விசால. பேரு ஏறுனப்புறம் மாத்தவே முடியாது.”

“அங்க போனா இவங்கள எப்படிக் கூப்புடுவாங்க?” என்று வினோதினி கேட்டாள்.

“மிசஸ் பழனிவேல்.”

“பாத்தியாம்மா, உனக்குப் பிரச்சினையே இல்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். இளவரசியும் சிரித்தாள்.

பிறகு விரல் ரேகையைப் பற்றிச் சொன்னான். சென்னையில் விசா மையத்தில் பத்து விரல்களையும் கண்ணாடிமேல் வைக்க வேண்டும். அது அங்கேயே நின்றுவிடாது. ஐரோப்பாவில் ஒரே விசா வைத்திருக்கும் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு கிடங்குக்குப் போகும். விமான நிலையத்தில் மறுபடி விரலை வைத்தால், அந்தக் கிடங்கு தேடிப் பார்த்து, இவர் இன்னார் என்று சொல்லும்.

“எத்தினி வருசம் வெச்சிருப்பாங்க தம்பி?” என்று இளவரசி கேட்டாள்.

“அஞ்சு வருசம்கிட்ட இருக்கும்மா. அதுவரைக்கும் நீங்க எந்த நாட்டுல எறங்குனாலும் இது மகேஸ்வரியோட வெரல்னு மிஷினே சொல்லிடும்.”

இளவரசி தன் கைகளை மடியில் வைத்து, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

புருஷன் பெண்டாட்டி என்பதற்கு ஆதாரம் இருந்தால் நல்லது என்றான் ஜெயப்பிரகாஷ். பதிவுத் திருமணச் சான்று இல்லாவிட்டால் இப்போதுகூடப் பதியலாம், அதற்குக் கல்யாணப் பத்திரிகையோ போட்டோவோ வேண்டும். சொல்லி முடிப்பதற்குள் பழனிவேல் பையின் ஜிப்பைத் திறந்தார். உள்ளிருந்து மஞ்சள் தடவிய பத்திரிகை ஒன்றும், ஓரம் பழுப்பேறிய போட்டோ ஒன்றும் வந்தன.

அக்காவின் கல்யாணப் படத்தை அவர் எடுத்துவருவார் என்று இளவரசி நினைத்திருக்கவில்லை.

ஜெயப்பிரகாஷ் போட்டோவை வெளிச்சத்தில் பிடித்தான். “அப்ப ரொம்ப ஒல்லியா இருந்துருக்கீங்கம்மா,” என்றான்.

பழனிவேல் ஜன்னலைப் பார்த்தார்.

“ஆமாம்பா,” என்றாள் இளவரசி.

*

சில சமயம் தூதரகத்திலிருந்து போன் வரும், இருவரையும் தனித்தனியாகக் கேட்பார்கள் என்றான் ஜெயப்பிரகாஷ். பொய் சொல்கிறவர்கள் தேதியில் மாட்ட மாட்டார்கள், தேதியை மனப்பாடம் செய்துவிடலாம். சின்ன விஷயத்தில்தான் மாட்டுவார்கள். அதனால் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடலாம் என்று நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டான். முதலில் அம்மா.

“உங்க கல்யாணம் எங்க நடந்துச்சு?”

இளவரசி அவனைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் இருந்த போட்டோவைப் பார்த்தாள்.

“கொளஞ்சியப்பர் கோயில்ல. வைகாசி மாசம். விடியக்கால முகூர்த்தம்.”

“அன்னிக்கு நடந்தது ஏதாவது ஞாபகம் இருக்கா?”

“மழை. தாலி கட்டுற நேரத்துக்குக் கரண்ட் போயிடுச்சு. கைவிளக்கப் புடிச்சிக்கிட்டு என் தங்கச்சி பக்கத்துலயே நின்னா.”

வினோதினி நிமிர்ந்தாள்.

“எண்ணெ வழிஞ்சி அவ மணிக்கட்டுல ஊத்திடுச்சு. நல்லா சுட்டுடுச்சு. வெளக்கு அணைஞ்சா அபசகுனம்னு கத்தவே இல்ல அவ. நான்தான் பாத்தேன். வேற யாரும் பாக்கல.”

அவள் குரல் மாறவில்லை. அதுதான் பழனிவேலை என்னவோ செய்தது. வழக்கமான குரலில், அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்வதைப் போல, இன்னொருத்தி பேசிக்கொண்டிருந்தாள். அவர் கை தானாக நாற்காலியின் விளிம்பைப் பிடித்தது.

ஜெயப்பிரகாஷுக்கு உற்சாகமாகிவிட்டது. “சூப்பர்மா. இப்படித்தான் சொல்லணும். கல்யாணம் ஆனப்புறம் மாமா உங்ககிட்ட மொதல்ல பேசுனது என்ன?”

“போதும் தம்பி,” என்றார் பழனிவேல்.

“ஒரு காலண்டரக் காட்டினாரு,” என்றாள் இளவரசி. “உரக்கடைக் காலண்டரு. பனிமலயில செவப்பா ஒரு ரயிலு போவும். பல்லு வெச்ச தண்டவாளம், அதனால வழுக்காதுன்னு சொன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. புரிஞ்ச மாதிரி தலையாட்டுனேன். ஒரு நாளு உன்னய இதுல கூட்டிட்டுப் போறேன் மகேஸ்வரின்னாரு.”

காலையில் படையலில் எரிந்த சூடத்தின் வாசனை அந்த அறைக்குள் எப்படி வந்தது என்று பழனிவேலுக்குப் புரியவில்லை. பிறகுதான் அவள் புடவை நினைவுக்கு வந்தது.

“அது உனக்கு எப்படித் தெரியும்?” என்றார். “நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

“அக்கா சொன்னா மாமா. ஆஸ்பத்திரில, கடைசி நாள்ல. காய்ச்சல்ல பொலம்பிக்கிட்டே, குளுருது, ரயில்ல ஏறிட்டேன்னு சொன்னா. எந்த ரயிலுன்னு கேட்டேன். எல்லாத்தையும் சொன்னா.”

கல்யாணத்துக்கு முன்னால் அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிட்டாள். பின்னாலும் மாமாதான். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவள் வாழ்க்கையில் மாறவே இல்லை.

ஜெயப்பிரகாஷ் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். எதையோ மிதித்துவிட்டோம் என்று தெரிந்தது, எதை என்று தெரியவில்லை.

“இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு தம்பி,” என்றாள் இளவரசி. “மொதக் கேள்வியே அதானே கேப்பாங்க. எம் பேரு இன்னான்னு கேளு.”

“அம்மா, வேணாம்மா,” என்றாள் வினோதினி.

“கேளுப்பா.”

“உங்க பேரும்மா?”

“இளவரசி.”

அவன் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்தான். “இதுல மகேஸ்வரின்னு…”

“மகேஸ்வரிக்கு இன்னிக்குக் காலையிலதான் படையல் போட்டோம். அவ எப்படிப்பா விசா கேப்பா?”

தலைப்பை விலக்கி வலது மணிக்கட்டை மேசைமேல் வைத்தாள். பழைய தீக்காயம், எண்ணெய் வழிந்த வடிவத்திலேயே ஆறிக் கிடந்தது. பழனிவேல் அதை இத்தனை வருடம் பார்த்திருக்கிறார். சமையலில் சுட்டுக்கொண்டது என்றே நினைத்திருந்தார்.

“பூ தானா விழல மாமா,” என்றாள் அவள், மெதுவாக. “நீங்க முட்டிய வெச்சி இடிச்சீங்க. அவ உத்தரவு குடுக்கல. வேணும்னா அவள நீங்க நெனப்புல கூட்டிட்டுப் போங்க. ஆனா எங் கைய எடுத்து அவளுக்குக் குடுக்காதீங்க. எனக்கும் செத்துப்போனதுக்கு அப்புறம் ஒரு பேரு வேணும். வினோதினி யாரு பேரச் சொல்லி எனக்குப் படைப்பா?”

வினோதினி எழுந்துவந்து அவள் பின்னால் நின்றாள். தோளில் கை வைத்தாள்.

ஜெயப்பிரகாஷ் பாஸ்போர்ட்டை மூடி, பழனிவேலின் பக்கம் நகர்த்தினான். இனி தெரிந்தே இந்த விண்ணப்பத்தை அனுப்ப முடியாது, அனுப்பினால் எல்லோருக்கும் ஆபத்து என்று தாழ்ந்த குரலில் சொன்னான். சரிசெய்யலாம், நாளாகும் என்றான். நடந்ததை நடந்தபடி எழுதிக்கொடுத்து, இந்த பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அக்காவின் இறப்புச் சான்று வேண்டும். பிறகு அடியிலிருந்து ஒவ்வொரு அட்டையாக மாற்றிக்கொண்டு வர வேண்டும். அதற்கெல்லாம் முதலில் ஒரு காகிதம் வேண்டும்.

“இளவரசின்னு ஒருத்தங்க இருக்காங்கன்னு சொல்றதுக்கு எதாவது. உங்ககிட்ட இருக்காம்மா?”

வீட்டில் இல்லை. எந்த வீட்டிலும் இல்லை. அவள் யோசித்தாள்.

“கம்மாபுரம் பள்ளிக்கூடத்துல பத்தாவது வரைக்கும் படிச்சேன். தெனமும் எம் பேரச் சொல்லி அட்டெண்டன்ஸ் எடுத்தாங்க,” என்றாள்.

*

வினோதினி பள்ளிக்குப் புறப்பட்டுப் போய்விட்டாள். சிதம்பரம் பஸ் நிலையத்தில் கடலூர் பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. பழனிவேல் அதை நோக்கி நடந்தார். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று வழியில் ஒருமுறை சொல்லியிருந்தார். அவள் பின்னால் வருகிறாள் என்றே நினைத்தார். எப்போதும் வருவாள்.

படியில் கால் வைத்தபோதுதான் திரும்பிப் பார்த்தார். இல்லை.

இரண்டு பஸ் தள்ளி, விருத்தாசலம் பஸ் நின்றது. புவனகிரி, சேத்தியாத்தோப்பு, கம்மாபுரம் என்று கண்டக்டர் வரிசையாக ஊர்களைக் கூவிக்கொண்டிருந்தார். ஜன்னலோரம் அரக்கு நிறப் புடவை. முகம் மறுபக்கம் திரும்பியிருந்தது. அந்தப் புடவையில், அந்தக் கோணத்தில், உட்கார்ந்திருப்பது இருவரில் யார் என்று ஒரு கணம் அவருக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

விசில் கேட்டது. பஸ் நகர்ந்தது.

அவர் ஓடினார். பையை மார்போடு பிடித்துக்கொண்டு, வாழைப்பழக் கூடைகளுக்கு நடுவே ஓடினார். “இந்தாம்மா,” என்று கத்தினார். பஸ் நிலையத்தில் நாலைந்து பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலில் இருந்தவள் திரும்பவில்லை.

அது அவளுக்குக் கேட்டது. கேட்டும் அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு, அடுத்து அவர் வாயிலிருந்து வரப்போவது எந்தப் பெயர் என்று காத்திருந்தாள்.

பழனிவேல் மூச்சை இழுத்துக்கொண்டு வாயைத் திறந்தார்.